மூன்றாம் வகுப்பு படிக்கும் இடது கை

உள்ளே பதினேழாம் டோக்கன் போயிருக்கிறது, என் கையில் இருப்பது இருபத்தொன்று, ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால் இருபது நிமிடம், மித்ரன் அம்மா மாதிரி ஒருத்தி உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் அரை மணி நேரம், அதற்குள் ஒரு வாக்கியத்தை நான் வாய்க்குள் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும், ஒரே ஒரு வாக்கியம், மிஸ், தன்ஷிகா வீட்டுப்பாடத்த ரெண்டு வருஷமா எழுதறது நாந்தானுங்க, அவ்வளவுதான், பத்து வார்த்தைகூட இல்லை. காலையில் தோசை ஊற்றும்போது சொல்லிப் பார்த்தேன், சரியாக வந்தது. ஸ்கூட்டியில் வரும்போது ஹெல்மெட்டுக்குள் சொல்லிப் பார்த்தேன், அப்போதும் வந்தது, சத்தமாகவே வந்தது, பின்னால் உட்கார்ந்திருந்த தன்ஷிகா “என்னம்மா?” என்று கேட்டாள், ஒன்றுமில்லை என்றேன், பாருங்கள், உண்மையைச் சொல்லப் பழகும்போதே ஒரு பொய். பள்ளிக்கூட கேட்டுக்குள் நுழைந்து வாட்ச்மேன் டோக்கனை நீட்டியதும் அந்த வாக்கியம் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. இப்போது வாயில் மிச்சமிருப்பது ‘மிஸ்’ மட்டும்தான். மிஸ் என்று ஆரம்பித்தால் அதற்கப்புறம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், மிஸ் வேன் லேட்டா வருது, மிஸ் தண்ணி பாட்டில் காணாமப் போச்சு, மிஸ் இந்த வருஷம் ஆண்டுவிழா எப்போ, ரெண்டு வருஷமாக நான் இந்த மாதிரி எதையாவதுதான் கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். ரெஜினா மிஸ் நல்லவள். அதுதான் பிரச்சினையே. சிடுசிடுவென்று இருந்திருந்தால் ஒரு மனநிம்மதி, அவளுக்கு இது வேண்டும்தான் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பேன்.

காத்திருக்கிறவர்களை எதிர் வகுப்பறையில் உட்காரவைத்திருக்கிறார்கள், எல்லாம் சின்னப் பிள்ளைகள் பெஞ்சு, முட்டி வந்து டெஸ்க்கில் இடிக்கிறது, முப்பத்தாறு வயதில் இப்படி மடங்கி உட்கார்ந்திருப்பது எனக்கு வேண்டியதுதான். சுவர் முழுக்கச் சார்ட்டுகள். ‘நமக்கு உதவுவோர்’, ‘நீரின் சுழற்சி’, ‘என் கனவு நகரம்’. ஒன்றில்கூட ஒரு குழந்தையின் விரல் பட்ட அடையாளம் இல்லை. பட்டிருந்தால் பசை வழிந்திருக்கும், ஒரு பக்கம் கோணியிருக்கும், சூரியனுக்கு மீசை முளைத்திருக்கும். அலமாரிமேல் தன்ஷிகா பெயர் ஒட்டியிருக்கிற தெர்மாகோல் தபால் ஆபீஸ் நான் செய்தது, பக்கத்தில் இருக்கிற ஆஸ்பத்திரி மித்ரன் அம்மா செய்தது, அதில் சிவப்புச் சிலுவை போட அவள் தன் நகப்பாலீஷையே எடுத்து அடித்தாளாம், போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். எங்கள் வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. அதில் சாயங்காலம் ஐந்து மணியானால் ஆரம்பித்துவிடும், ‘நாங்க கணக்கு முடிச்சுட்டோம், நீங்க முடிச்சுட்டீங்களா?’, ‘நாளைக்கு எங்களுக்குத் தமிழ் டிக்டேஷன்’, ‘எங்களுக்கு இன்னும் பதினாலாம் வாய்ப்பாடு மனசுல நிக்கல’. எல்லாமே நாங்கள், எங்களுக்கு. ஒருத்திக்கும் கூச்சமில்லை. எனக்கும் இருந்ததில்லை. மித்ரன் அம்மா இப்போது முன் பெஞ்சிலிருந்து திரும்பி, “என்னுங்க தன்ஷி அம்மா, உங்களுக்கென்னுங்க கவலை, உங்க புள்ள எழுத்து முத்து முத்தா இருக்குது, என்ற பையன் எழுத்தப் பாத்தா கோழி கெளறுனாப்பல இருக்குது” என்கிறாள். நான் சிரித்தேன். வழக்கமாகச் சிரிக்கிற அதே சிரிப்பு. அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பெருமை கலந்திருந்ததை நானே கவனித்தேன், இன்றைக்குக்கூட, இங்கே உட்கார்ந்துகொண்டுகூட.

அம்மை போட்டதில் ஆரம்பித்தது. ஒன்றாம் வகுப்பு முடிகிற சமயம், பதினெட்டு நாள் வீட்டில் கிடந்தாள், உள்ளங்கையில்கூடக் கொப்புளம், பென்சில் பிடிக்க முடியாது. பள்ளிக்கூடத்திலிருந்து விட்டுப்போன பாடத்தையெல்லாம் எழுதி முடித்து அனுப்பச் சொல்லி டைரியில் எழுதியிருந்தார்கள், தமிழ் நாற்பது பக்கம், இங்கிலீஷ் முப்பது பக்கம். வேப்பிலைக்கு நடுவில் படுத்துக்கொண்டு அவள் அழுதது உடம்பு எரிச்சலுக்காக இல்லை, ‘நோட்டு முடிக்கலம்மா, நோட்டு முடிக்கலம்மா’ என்றுதான். ஆறு வயசுப் பிள்ளைக்கு அம்மையை விட நோட்டு பெரிதாகப் போய்விட்டதே என்று எனக்கு வயிறு எரிந்தது. அவள் அப்பாவிடம் சொன்னால், “படிச்ச பொம்பள நீ இருக்கற, எனக்கு என்ன தெரியும், நீயே பாத்து எழுதிப்போடு” என்றார் பூபதி. அவருக்கு மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டத் தெரியும், கருகிப்போன எந்த மோட்டாரையும் உயிரோடு எழுப்பிவிடுவார், நோட்டுப் புத்தகத்தைக் கண்டால் மட்டும் ஒதுங்கிக்கொள்வார். எழுதினேன். வலது கையால் எழுதினால் அது ஒரு பெரிய பொம்பளை எழுத்தாகவே வந்தது, நான் பஞ்சு மில்லில் கம்ப்யூட்டரில் உட்காருவதற்கு முன்னால் மூன்று வருஷம் லெட்ஜர் எழுதியவள், அந்தச் சாய்வு போகவே மாட்டேன் என்றது. மெதுவாக எழுதிப் பார்த்தேன், கண்ணை மூடி எழுதிப் பார்த்தேன். அப்புறம் விளையாட்டுக்குப் பென்சிலை இடது கைக்கு மாற்றினேன். அம்மாடி. அப்படியே அவள் எழுத்து. அதே நடுக்கம், அதே மாதிரி கோட்டுக்கு மேலே ஏறி உட்காருகிற ‘அ’, வரியின் கடைசியில் இடமில்லாமல் நசுங்குகிற எழுத்துகள். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவளிடம் காட்டினேன். கொப்புளத்தோடு அவளும் சிரித்தாள், “நான் எழுதுனதாம்மா இது?” என்று கேட்டாள். ஆமா கண்ணு, நீ எழுதினதுதான் என்றேன். அன்றைக்கு அது ஒரு விளையாட்டு, நோயாளிப் பிள்ளைக்கு ஒரு ஆறுதல், அதில் ஒரு தப்பும் இல்லை, இன்றைக்கும் அந்த எழுபது பக்கத்துக்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

எழுபத்தொன்றாவது பக்கத்துக்குத்தான் பதில் இல்லை. கொப்புளம் ஆறிவிட்டது, கை சரியாகிவிட்டது, பள்ளிக்கூடம் போய்விட்டாள், ஆனால் அபாகஸ் வகுப்பு முடிந்து ஆறரைக்கு வருவாள், சாப்பிடவைக்க ஏழு, கண் சொருக ஆரம்பித்துவிடும், இன்றைக்கு ஒரு பக்கம் மட்டும் நான் எழுதிவிடுகிறேன் என்று ஆரம்பித்தால் அந்த ‘இன்றைக்கு’ முடியவே இல்லை. கதையை உண்மையாகவே சொல்வதென்றால் அதுகூடக் காரணமில்லை. உள்ளே போய் ரெஜினா மிஸ்ஸிடம் இந்தக் களைப்புக் கதையைத்தான் சொல்லப்போகிறேன், அவளும் தலையாட்டுவாள், ஆனால் காரணம் அது இல்லை. அந்த எழுபது பக்கத்துக்குக் கீழே அவர்கள் ஒரு நட்சத்திரம் ஒட்டி, ‘மிக நன்று’ என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். எனக்கு. பத்து வருஷம் வேலை பார்த்தேன், கல்யாணம் செய்தேன், பிள்ளை பெற்றேன், வேலையை விட்டேன், இத்தனைக்கும் ஒருத்தரும் ஒரு ‘நன்று’ போட்டதில்லை. சமையல் நன்றாக இருந்தால் பூபதி பேசாமல் சாப்பிடுவார், நன்றாக இல்லாவிட்டால் பேசுவார், அவ்வளவுதான் எனக்கு வருகிற மதிப்பெண். அந்தச் சிவப்பு மை எழுத்தைப் பார்த்ததும் எனக்கு ஏதோ ஆகிவிட்டது, வெட்கமாக இருக்கிறது சொல்ல, குக்கர் விசில் அடிக்க அடிக்க அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். அதற்கப்புறம் என் இடது கை ஒழுங்காக வகுப்புக்குப் போக ஆரம்பித்தது. இரண்டாம் வகுப்பில் நடுக்கத்தைக் கொஞ்சம் குறைத்தேன். காலாண்டுக்கு அப்புறம் இடைவெளி சரியாக விட்டேன். அரையாண்டில் எழுத்துகளை உருண்டையாக்கினேன். பத்து நாளைக்கு ஒருமுறை வேண்டுமென்றே ஒரு தப்பு விட்டு, ரப்பரால் அழித்து, அழித்த கறையோடு திருத்தி எழுதினேன், அந்தக் கறையில்தான் எனக்குத் தனிப் பெருமை. அவள் தேறிக்கொண்டே வருவதுபோல நான் தேறினேன். இப்போது என் இடது கை மூன்றாம் வகுப்பு படிக்கிறது, நன்றாகவே படிக்கிறது. வகுப்பில் போர்டைப் பார்த்து அவள் அவசர அவசரமாக, யார் எழுத்தென்றே தெரியாமல் கிறுக்குகிற நோட்டில் மட்டும் மிஸ் ஒருமுறை எழுதியிருந்தாள், ‘வீட்டில் எழுதுவது போல வகுப்பிலும் நிதானமாக எழுது’ என்று. அதைப் படித்தபோது தன்ஷிகா என் முகத்தைப் பார்த்தாள். நான் நோட்டை மூடிப் பையில் வைத்துவிட்டு, பால் குடி என்றேன்.

பதினெட்டு. யாரோ ஒரு அப்பா போகிறார், ஆம்பளைகள் சீக்கிரம் வந்துவிடுவார்கள், அவர்களுக்குக் கேட்க ஒன்றும் தெரியாது. ஜன்னல் வழியே தெரிகிறது, தன்ஷிகா சறுக்குமரத்துப் பக்கம் நிற்கிறாள், ஏறவில்லை, இரண்டு பிள்ளைகள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வேனில் அவளைப் ‘பொய்க்காரி’ என்கிறார்களாம். வியாழக்கிழமையிலிருந்து. அவளாகச் சொல்லவில்லை, மித்ரன் அம்மாதான் சொன்னாள், “புள்ளைங்க வெளையாட்டுக்குச் சொல்றதுதானுங்க, மனசுல வெச்சுக்காதீங்க” என்று மனதில் தைக்கிற மாதிரியே சொன்னாள். என் பிள்ளை பொய் சொல்லவில்லை. அந்த வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளில் அந்த நாளில் முழு உண்மையோடு நோட்டைக் கொண்டுபோய் நீட்டியவள் ஒருத்தி இருந்தால் அது அவள்தான். செவ்வாய்க்கிழமை அந்தியூரில் பெரியப்பா இறந்துபோய்விட்டார், துக்கத்துக்குப் போன நான் வருவதற்கு நேரமாகிவிட்டது, பள்ளிவிட்டதும் பூபதி அவளைத் தன் மோட்டார் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு வீட்டுப்பாடம், ‘என் அம்மா’ என்ற தலைப்பில் பத்து வரி. “அம்மா வரட்டும், எழுதித் தருவா, நீ பேசாம உக்காரு” என்றிருக்கிறார் அவர், அப்பாவுக்குத் தெரியாமல் ஒன்றும் நடக்கவில்லை பாருங்கள். “வேண்டாம்ப்பா, அம்மாவப் பத்தி அம்மாவே எழுதுனா நல்லாருக்காது, நானே எழுதிக்கறேன்” என்று சொல்லியிருக்கிறாள். செம்புக் கம்பி வருகிற காலி உருளையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, மோட்டார் பெட்டியின்மேல் நோட்டை வைத்து, ஒன்றரை மணி நேரம் எழுதியிருக்கிறாள். பூபதிக்கே ஆச்சரியம், தண்ணிகூடக் கேக்கல கோகிலா என்றார்.

அந்தப் பத்து வரியை நான் புதன்கிழமை சாயங்காலம்தான் பார்த்தேன், குறுக்கே சிவப்புக் கோடு அடித்ததற்கு அப்புறம். நேர் நேராக நிற்கிற எழுத்துகள். ஒன்றோடொன்று ஒட்டாமல், ஒவ்வொன்றையும் அழுத்தி, அடுத்த பக்கத்தில் தடவிப் பார்த்தால் விரலுக்குத் தட்டுப்படுகிற அழுத்தம். நிதானமாக எழுதினால் என் பிள்ளையின் எழுத்து இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இரண்டு வருஷமாக நான் அவள் எழுத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன், அவள் எழுத்து வேறு எங்கேயோ போய்த் தானாக வளர்ந்திருக்கிறது, நான் பார்க்கவே இல்லை. முதல் வரி, என் அம்மா பெயர் கோகிலவாணி. என் அம்மா மஞ்சள் நிறச் சேலை கட்டினால் அழகாக இருப்பார். என் அம்மா எனக்கு அம்மை வந்தபோது தூங்கவில்லை. என் அம்மா இரண்டு கையாலும் எழுதுவார். இந்த வரிக்குக் கீழே மட்டும் மிஸ் சிவப்பில் ஒரு நெளிகோடு போட்டு, பக்கத்தில் கேள்விக்குறி வைத்திருந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருக்கிறாள் என் பிள்ளை, மறைக்கவேண்டிய விஷயம் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை, அம்மாவின் பெருமைகளில் ஒன்றாக அதையும் எழுதியிருக்கிறாள். கீழே பெரிதாக, ‘இது உன் கையெழுத்து அல்ல. யார் எழுதியது?’. வகுப்பில் எழுந்து நிற்கவைத்துக் கேட்டிருக்கிறாள் மிஸ். நாந்தான் மிஸ் என்றிருக்கிறாள். பழைய பக்கங்களைப் புரட்டிக் காட்டி, இது யார் எழுத்து, இது யார் எழுத்து, ரெண்டும் ஒரே ஆள் எழுத்தா என்று கேட்டிருக்கிறாள். அங்கேதான் என் பிள்ளை வாயை மூடிக்கொண்டுவிட்டாள். பழையது எங்கம்மா எழுதினது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. சொல்லவில்லை. எட்டு வயசுக்கு எப்படித் தெரிந்தது அந்த இடத்தில் வாயை மூடவேண்டும் என்று, நான் சொல்லித்தந்தேனா, இல்லையே, ஒருநாளும் யாரிடமும் சொல்லாதே என்று நான் சொன்னதில்லை, ஆனால் அந்த நோட்டை மூடிப் பையில் வைத்தேனே, பால் குடி என்றேனே, அதுவே போதும்போல. மதியம் வரைக்கும் நின்றுகொண்டே இருந்திருக்கிறாள். தண்டனை, ‘நான் இனிமேல் பொய் சொல்ல மாட்டேன்’, ஐம்பது முறை.

பத்தொன்பது. இப்போது அந்த ஐம்பதைப் பற்றி நினைக்காமல் வேறு எதையாவது நினைக்கலாம், அந்த நீரின் சுழற்சியைப் பார்க்கலாம், கடலிலிருந்து மேகம், மேகத்திலிருந்து மழை, அம்புக்குறிகளை யாரோ ஒரு அம்மா ஸ்கேல் வைத்துப் போட்டிருக்கிறாள், ஐம்பது. புதன்கிழமை ஐந்து மணிக்கு வந்தவள் அழவில்லை. சீருடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து நான்கு வரி எழுதினாள், ஐந்தாவது வரியில் ‘நான்’ என்று போட்டுவிட்டு நோட்டின்மேலேயே தலைசாய்த்துத் தூங்கிவிட்டாள். நான் மெதுவாக நோட்டை உருவினேன். நான்கு வரியும் அந்த நேரான அழுத்தமான எழுத்து.  இதை அப்படியே கொண்டுபோனால் நாளைக்கும் இது உன் எழுத்து இல்லை என்பாளே, தண்டனையைக்கூட வேறு ஆளைவிட்டு எழுதவைத்தாயா என்பாளே. அதனால், இந்த ‘அதனால்’ என்ற வார்த்தையை நினைத்தால் எனக்கே காறித் துப்பவேண்டும்போல் இருக்கிறது, அதனால் நான் அந்தத் தாளைக் கிழித்தேன். புதுத் தாளில் தேதி போட்டேன். பென்சிலை இடது கைக்கு மாற்றினேன். நான் இனிமேல் பொய் சொல்ல மாட்டேன். நான் இனிமேல் பொய் சொல்ல மாட்டேன். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது, நடுவில் எழுந்துபோய் அணைத்துவிட்டு வந்து தொடர்ந்தேன். முதல் பத்து வரியில் கை கூசியது. இருபதுக்கு மேல் போனதும் கூச்சம் போய்விட்டது, வரிக்கு வரி ஒரே அளவாக வருகிறதா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டேன், முப்பத்திரண்டில் ஒரு தப்பு விட்டு அழித்து எழுதினேன், பழக்கதோஷம். அவளுக்காக எழுதுகிறோமா, எனக்காக எழுதுகிறோமா என்று ஒரு நொடி தோன்றியது, தோன்றியதை ஓரமாக வைத்துவிட்டு நாற்பதாவது வரிக்குப் போனேன். அப்போது நிமிர்ந்தால் விழித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கிறாள். எவ்வளவு நேரமாகப் பார்த்தாளோ தெரியாது. கன்னத்தில் நோட்டின் கம்பி பதிந்திருந்தது. என் கை அப்படியே நின்றுவிட்டது. அவள் கோபித்துக்கொண்டிருந்தால், அழுதிருந்தால், ஏம்மா கிழிச்ச என்று கேட்டிருந்தால் எனக்கு விடிந்திருக்கும். “எழுதும்மா” என்றாள். “நீ எழுதுனாத்தான் மிஸ் நம்புவாங்க.”

மீதிப் பத்தையும் எழுதினேன். எழுதினேன்தானே, நிறுத்தவில்லையே. வியாழன் கொடுத்தாள், வெள்ளி டைரியில் வந்தது, ‘நாளை பெற்றோர் சந்திப்பில் அவசியம் வரவும்’. அவசியம் என்பதன் கீழே கோடு. அதைப் பார்த்த நிமிடத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்டுபிடித்துவிட்டார்கள் என்று முதலில் பயம். அப்புறம் கண்டுபிடித்திருந்தால் நல்லது, நானாகச் சொல்லவேண்டியதில்லை என்று ஒரு கோழை நிம்மதி. சொன்னால் என்ன ஆகும்? ஹெச்.எம்.மிடம் போகும். குரூப்பில் வரும். வாட்ஸ்அப்பில் என் பெயரைச் சொல்லமாட்டார்கள், ‘சில பெற்றோர்கள்’ என்று போடுவார்கள், எல்லோருக்கும் யாரென்று தெரியும். நகப்பாலீஷ் ஆஸ்பத்திரி கட்டினவள் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டுவாள். கொட்டட்டும். சொல்லாவிட்டால் என்ன ஆகும்? அதோ சறுக்குமரத்துப் பக்கம் நிற்கிறாளே, அவள் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் பொய்க்காரி. உண்மையைச் சொன்னதற்காகப் பொய்க்காரி. அதைவிட, உண்மை சொன்னால் நிற்கவைப்பார்கள், அம்மா எழுதினால் நம்புவார்கள் என்று படித்துக்கொண்ட பிள்ளை. நான் சொல்லிவிடுவேன். மிஸ், தன்ஷிகா வீட்டுப்பாடத்த. வருகிறது. ரெண்டு வருஷமா. வருகிறது, வாய்க்கு வந்துவிட்டது, இருபதாம் டோக்கன் மித்ரன் அம்மா, உள்ளே போனவள் இரண்டே நிமிடத்தில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வெளியே வருகிறாள், கோழி கிளறலைப் பற்றி ஏதோ சொல்லியிருக்கிறார்கள்போல. பாவம், அவன் எழுத்தை அவனையே எழுதவிட்டிருக்கிறாள், சார்ட்டை மட்டும்தான் அவள் செய்தாள். இருபத்தொன்று. நான் ஜன்னலில் கையைக் காட்டி தன்ஷிகாவைக் கூப்பிட்டேன்.

ரெஜினா மிஸ் எழுந்து வணக்கம் சொன்னாள். கண்ணுக்குக் கீழே கருப்பு, மேஜையில் முப்பத்தெட்டு நோட்டு, பாதி குடித்த டீ. “உக்காருங்க தன்ஷிகா அம்மா. பயப்படாதீங்க, நல்ல விஷயம் சொல்லத்தான் கூப்பிட்டேன்” என்று அந்த ஐம்பது வரியை என் முன்னால் விரித்து வைத்தாள். “பாருங்க, ஐம்பதும் அவ கைப்பட எழுதியிருக்கா. அன்னிக்கு யாரோ பெரிய புள்ளைய விட்டு எழுத வெச்சிருக்கா, கேட்டா நான்தான்னு சாதிக்கிறா. கொஞ்சம் கடுமையாத்தான் இருந்துட்டேன். ஆனா உடனே திருந்திட்டா பாருங்க.”

“மிஸ்” என்றேன். “இது நான் எழுதுனதுங்க.”

“எது?”

“இந்த ஐம்பதும். இது மட்டுமில்லீங்க, ரெண்டு வருஷமா எல்லாமே நாந்தான் எழுதறேன். நீங்க சிவப்புக் கோடு அடிச்சு விட்டீங்களே, அந்தப் பத்து வரி, அது ஒண்ணுதானுங்க இவ எழுதுனது. இவ பொய் சொல்லலீங்க. நாந்தான்.” சொல்லிவிட்டேன். சொன்னதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மிஸ் அந்த ஐம்பது வரியைத் தன் பக்கம் இழுத்து ஒருமுறை பார்த்தாள். அப்புறம் சிரித்தாள், கிண்டலாக இல்லை, இரக்கமாக. “மேடம், எனக்குப் பதினாலு வருஷ சர்வீஸ். புள்ளைக்காக அம்மாங்க என்னவெல்லாம் சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும். போன வருஷம் ஒரு பையன் ஜன்னல் கண்ணாடிய ஒடச்சுட்டான், அவங்கம்மா வந்து நான்தான் ஒடச்சேன்னு அழறாங்க. குழந்தை எழுத்து எது, பெரியவங்க எழுத்து எதுன்னு எனக்குத் தெரியாதா?”

“இடது கையிலீங்க” என்றேன். எனக்கே அது நம்பமுடியாத கதையாகக் கேட்டது.

“சரி, எதுக்குச் சந்தேகம்? தன்ஷிகா, இங்க வாடா.” ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் எடுத்து வைத்தாள். “ஒரே ஒரு வரி எழுது. உனக்கு என்ன தோணுதோ எழுது.”

எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. இதைவிட என்ன வேண்டும், அந்த நேரான எழுத்து இப்போது வரும், மிஸ் பார்க்கட்டும், பக்கத்தில் அந்தப் பத்து வரியை வைத்துப் பார்க்கட்டும். எழுது கண்ணு என்றேன். அவள் பென்சிலை எடுத்தாள். மிஸ்ஸைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் கண்ணில் இருந்த தண்ணீரைப் பார்த்தாள். தாளைக் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொண்டு குனிந்து எழுத ஆரம்பித்தாள். என் பள்ளி மிகவும் அழகானது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். உருண்டை உருண்டையாக, இடது பக்கம் லேசாகச் சாய்ந்து, சரியாக இடைவெளி விட்டு, வரியின் கடைசியில் கொஞ்சம் நசுங்கி. என் எழுத்து. நடுவில் ஓரிடத்தில் ரப்பரால் அழித்து, கறையோடு திருத்தியும் எழுதினாள்.

மிஸ் அந்தத் தாளை ஐம்பது வரிக்குப் பக்கத்தில் வைத்தாள். “இப்ப என்ன சொல்றீங்க? அப்படியே இருக்கு. புள்ளைக்காகப் பொய் சொல்லாதீங்க மேடம், அதப் பாத்துத்தான் அவங்களும் கத்துக்கறாங்க.”

பென்சில் மேஜைமேல்தான் கிடந்தது, என் இடது கைப் பக்கமாக. எடுத்து ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தால் போதும். ஆனால் எழுதினால் இப்போது இவள் செய்தது என்ன? இதுவரைக்கும் பொய்யே சொல்லாத பிள்ளை இந்த ஒரு நிமிடத்தில் என் கண்முன்னால் பொய் எழுதியிருக்கிறாள், எனக்காக எழுதியிருக்கிறாள், அதை மிஸ்ஸிடம் நானே பிடித்துக் கொடுக்க வேண்டும். என்னால் முடியவில்லை. மிஸ் பதிவேட்டை நீட்டினாள், கையெழுத்துப் போட்டேன், வலது கையால், கோகிலவாணி பூபதி என்று.

வராந்தாவில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்துக் குதித்து வந்தாள், மூன்று நாளாகக் காணாமல் போயிருந்த குதிப்பு. மாடிப்படி வந்ததும் நின்று, யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, என்னைக் குனியச் சொன்னாள்.

“மூணு நாளா ரஃப் நோட்டுல எழுதி எழுதிப் பாத்தேம்மா. உன்ற மாதிரியே வந்துச்சா?”

குனிந்தபடியே அவள் காதோரத்து முடியை ஒதுக்கிவிட்டேன். “வந்துச்சு கண்ணு” என்றேன்.

“அப்ப நீ அழாத. இனிமே நீ ஒண்ணும் எழுத வேண்டாம். எல்லாத்தையும் உன்ற மாதிரியே நானே எழுதிக்கறேன்.”